அப்பா அம்மாவோட பாங்காக்: டிக்கெட் போடறதுலேர்ந்து திரும்பி ஏர்போர்ட் வர்ற வரைக்கும்

பாங்காக் போகணும்னு யார் கேட்டாலும் நான் முதல்ல கேக்கறது, கூட யார் வர்றாங்கன்னுதான். ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து போனா எந்த நேரத்துல எறங்கினாலும் சமாளிச்சுடலாம். எழுபதை நெருங்கற அப்பா, முட்டிவலி இருக்கற அம்மா, ஆறு வயசுப் பொண்ணு, எங்க வீட்டுக்காரர்னு இப்படி ஒரு கும்பலைக் கூட்டிட்டுப் போகும்போது டிக்கெட் எவ்வளவுங்கறதை விட எத்தனை மணிக்கு எறங்கறோம், எந்த ஏர்போர்ட்ல எறங்கறோம், வெயில் ஏர்றதுக்குள்ள எங்க போய் நிக்கறோம்ங்கறதுதான் பெரிய விஷயம். நாங்க போய்ட்டு வந்ததுல எது எது ஒர்க் ஆச்சோ அதையெல்லாம் எழுதறேன், நீளமாத்தான் வரும், பொறுமையாப் படிங்க.

முதல்ல மாசம். நவம்பர்லேர்ந்து ஃபிப்ரவரி வரைக்கும்தான் பெரியவங்களுக்கு சரிப்படும், மழை கம்மி, காலைல கொஞ்சம் காத்து இருக்கும். செப்டம்பர் அக்டோபர்ல அங்க மழை கொட்டும், தெருவுல தண்ணி நிக்கும். ஏப்ரல் அவங்களுக்கு உச்ச வெயில், அதுலயும் 13லேர்ந்து 15 வரைக்கும் சொங்க்ரான், அவங்க புது வருஷம், ஊரே தண்ணியை ஊத்திக்கிட்டு விளையாடும், பசங்களுக்கு சூப்பர், ஆனா முட்டிவலிக்காரங்களை ஈரத் தரையில கூட்டிட்டுப் போறதுக்கான நேரம் அது இல்ல. நாங்க அரையாண்டு லீவுல போனோம். ரூம் வாடகை அப்ப ஜாஸ்தி, கூட்டமும் ஜாஸ்தி, இருந்தாலும் மத்தியானம் ரூமுக்கு வந்து படுத்துட்டா சமாளிக்க முடிஞ்சுது. ஜனவரிக்கு அப்புறம் சில நாள் அங்க காத்து ரொம்ப மாசாகும், ஆஸ்துமா இருக்கறவங்க அதையும் மனசுல வெச்சுக்கிட்டு தேதி பாருங்க.

அடுத்தது ஏர்போர்ட். பாங்காக்குக்கு ரெண்டு ஏர்போர்ட் இருக்கு, டிக்கெட் போடற ஆப்ல ரெண்டுமே பாங்காக்னுதான் வரும், பக்கத்துல இருக்கற மூணெழுத்து ஏர்போர்ட் கோட் எதுன்னு பாருங்க. பிகேகேன்னா சுவர்ணபூமி, 2006ல திறந்தது, ஊருக்குக் கிழக்க 30 கிலோமீட்டர் சுமார். டிஎம்கேன்னா டான் முவாங், வடக்குப் பக்கம் இருக்கற பழைய ஏர்போர்ட், ஏர் ஏசியா மாதிரி பட்ஜெட் ஃப்ளைட் நிறைய அங்கதான் எறங்கும். பாங்காக் மட்டும் சுத்தறதா இருந்தா ரெண்டுல எதுன்னாலும் ஓகே, ரெண்டுலேர்ந்தும் ஊருக்குள்ள ட்ரெயின் இருக்கு. ஆனா அங்கேர்ந்து புக்கெட், கிராபின்னு இன்னொரு ஃப்ளைட் பிடிக்கறவங்க ரெண்டு டிக்கெட்டும் ஒரே ஏர்போர்ட்டான்னு கண்டிப்பாப் பார்த்துட்டுதான் பணம் கட்டணும். ரெண்டுக்கும் நடுவுல டிக்கெட்டைக் காட்டினா ஃப்ரீ பஸ் இருக்கு, இருந்தாலும் அந்த ரோட்டு டிராஃபிக்ல எவ்வளவு நேரம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது.

நம்ம பக்கத்துலேர்ந்து போற ஃப்ளைட் நிறைய நடு ராத்திரி கிளம்பி விடிகாலைல எறங்கும், அங்க நம்மளை விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி வேற ஓடுது, அதனால தூக்கம்னு ஒண்ணே இருக்காது. ஹோட்டல்ல செக் இன் மத்தியானம் ரெண்டு மணிக்கு. பையை லாபில வெச்சுட்டு ஊர் சுத்துங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, சின்ன வயசுக்காரங்களுக்கு அது சரி. பெரியவங்க கூட வந்தா முந்தின ராத்திரிலேர்ந்தே ரூமை புக் பண்ணிடுங்க. ஒரு நாள் வாடகை கூடப் போகும், ஆனா காலைல ஏழு மணிக்கு அம்மா குளிச்சுட்டு கட்டில்ல காலை நீட்டிப் படுத்தப்ப அந்தப் பணம் முழுசா வசூல் ஆயிடுச்சுன்னுதான் எனக்குத் தோணிச்சு. இதுல ஒண்ணு முக்கியம், நாங்க இன்ன தேதி காலைல ஆறு மணி வாக்கில வருவோம், ரூமை கேன்சல் பண்ணிடாதீங்கன்னு ஹோட்டலுக்கு மெயில் போட்டு பதில் வாங்கி வெச்சுக்கணும், இல்லேன்னா ராத்திரி யாரும் வரலைன்னு வேற யாருக்காவது குடுத்துட வாய்ப்பு இருக்கு.

வீல்சேரைப் பத்தி சொல்லியே ஆகணும். அம்மாகிட்ட சொன்னதும் "நான் என்ன நடக்க முடியாதவளா, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க"ன்னு கோவம் வந்துடுச்சு. சுவர்ணபூமில நடக்க வேண்டிய தூரம் அப்படி, 2023லேர்ந்து சில ஃப்ளைட்டை தள்ளி இருக்கற புது டெர்மினல்ல நிறுத்தறாங்க, அங்கேர்ந்து ஒரு குட்டி ட்ரெயின் ஏறித்தான் இமிக்ரேஷனுக்கே வரணும். டிக்கெட் போடும்போதே வீல்சேர் அசிஸ்டன்ஸ் கேட்டுடுங்க, இல்லேன்னா ரெண்டு நாள் முன்னாடியாவது ஏர்லைனுக்கு சொல்லிடுங்க. எறங்கினதும் ஒரு பொண்ணு சிரிச்ச முகமா வந்து அம்மாவை உக்கார வெச்சு தள்ளிட்டுப் போச்சு, அப்பாவும் கூடவே வேற லைன்ல போய்ட்டார், அம்மா அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல, திரும்பி வரும்போது "சேர் சொல்லிட்டியா"ன்னு அவங்களே கேட்டாங்க.

பேப்பர் வேலைல ஒண்ணு புதுசு. 2025 மே 1லேர்ந்து தாய்லாந்து போற எல்லா வெளிநாட்டுக்காரங்களும் டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், எறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள, குழந்தைக்கும் சேர்த்து. இதுக்குக் காசே கிடையாது. கூகுள்ல தேடினா கவர்ன்மென்ட் சைட் மாதிரியே இருக்கற வேற சைட்டெல்லாம் மேல வந்து டாலர்ல பணம் கேக்கும், தாய்லாந்து இமிக்ரேஷனோட சைட்தானான்னு அட்ரஸைப் பார்த்துக்கோங்க. விசா விதி இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு கொஞ்ச வருஷமா மாறிக்கிட்டே இருக்கு, போன வருஷம் போனவங்க சொல்றதை நம்பாம டிக்கெட் போடற அன்னிக்கு தாய்லாந்து எம்பசி வெப்சைட்ல பாருங்க. பாஸ்போர்ட்ல ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும், ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் புக்கிங்கும் பிரின்ட் எடுத்து கைல வெச்சுக்கோங்க. பவர் பேங்க் கைப்பைலதான், செக் இன் பெட்டில போடவே கூடாது. அப்பா அம்மா மாத்திரை எல்லாம் அட்டையோட, டாக்டர் சீட்டோட, அதுவும் கைப்பைல. இ சிகரெட் அங்க தடை, யாராவது வெச்சிருந்தா வீட்டுலயே விட்டுட்டு வரச் சொல்லுங்க.

ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள வர்றதுக்கு சுவர்ணபூமில அடித்தளத்துல ரெயில் லிங்க் இருக்கு, பயா தாய் ஸ்டேஷன் வரைக்கும் 45 பாட் (பாட்ங்கறது அவங்க ஊர் பணம்), அரை மணி நேரம் கூட ஆகாது, அங்க மாறினா ஸ்கை ட்ரெயின், மேம்பாலத்து மேல ஓடற மெட்ரோ ரயில். சும்மா ஒரு பேக்பேக்கோட போறவங்களுக்கு இதை விட நல்லது எதுவும் இல்ல. பெட்டிகளும் பெரியவங்களும் இருந்தா கீழ்த் தளத்துல டாக்ஸிக்கு மெஷின்ல சீட்டு எடுத்து, அதுல இருக்கற நம்பர் லேன்ல போய் ஏறுங்க. மீட்டர் காசு, மேல 50 பாட் ஏர்போர்ட் சார்ஜ், எக்ஸ்பிரஸ்வேல போனா டோல் நம்ம கட்டணும், அவ்வளவுதான். மீட்டர் போடாம மொத்தமா ஒரு தொகை சொன்னா வேண்டாம்னுட்டு எறங்கிடுங்க. பணம் மாத்தறதும் ட்ரெயின் ஏர்ற அந்தத் தளத்துல இருக்கற கவுன்டர்ல மேல் தளத்தை விட நல்ல ரேட் கிடைக்கும். ஏடிஎம்ல எடுத்தா வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் அங்க இருக்கற பேங்க் தனியா ஒரு கட்டணம் பிடிக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க. கார்டு தேய்க்கும்போது ரூபாய்ல போடவான்னு மெஷின் கேட்டா பாட்லயே போடச் சொல்லுங்க.

ஹோட்டலை எங்க போடறதுன்னு பத்து பேரைக் கேட்டா பத்து பேர் சொல்லுவாங்க. நான் பார்த்தது ரெண்டே விஷயம், ஸ்டேஷனுக்கு நடக்கற தூரம், ஸ்டேஷன்ல லிஃப்ட். சுகும்வித் பக்கம் நானா, அசோக் ஏரியா எல்லாருக்கும் பிடிச்சது, இந்தியன் ஹோட்டலும் நிறைய, ஆனா ராத்திரில அங்க பார் கூட்டம், அம்மா அப்பா குழந்தையோட நடந்து வர்றதுக்கு எனக்கு மனசு ஒப்பல. நாங்க சீலோம் ரோடோட மேற்குப் பக்கம், சுரசாக் ஸ்டேஷன் கிட்ட எடுத்தோம். ஆத்துக்கு ஒரே ஸ்டேஷன், நடக்கற தூரத்துல மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டுல அங்க போன தமிழங்க கட்டின கோயில் அது. சாயங்காலம் போனா கோபுரத்துக்கு முன்னாடி சாமந்திப் பூ மாலையும் தேங்காயுமா தட்டு வாங்கிட்டு வரிசைல நிக்கறவங்கள்ல பெரும்பாலும் தாய்லாந்துக்காரங்க, ஆபீஸ் டிரஸ்ல வந்து செருப்பைக் கழட்டிட்டு கண்ணை மூடிக் கும்பிடறாங்க. அம்மா போன அன்னிக்கே போய்ட்டு, அடுத்தடுத்து மறுபடியும் போகணும்னு சொல்லிட்டே இருந்தாங்க.

இப்ப சுத்திப் பார்க்கறது. காலைல ஒரு இடம், மத்தியானம் ரூம், சாயங்காலம் ஒரு இடம், இதுக்கு மேல பெரியவங்களோட பாங்காக்ல முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. டூர் பேக்கேஜ்ல ஒரே நாள்ல நாலு கோயில், ஒரு மார்க்கெட், ஒரு கப்பல் டின்னர்னு போட்டிருக்கறதைப் பார்த்தா எனக்குக் கவலையா இருக்கு, வெயில்ல யாராவது தலை சுத்தி விழுந்தா அந்த ட்ரிப்பே போச்சு.

கிராண்ட் பேலஸ் 8:30க்குத் திறப்பாங்க, அப்பவே கேட்ல இருங்க. டிக்கெட் 500 பாட், 120 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு ஃப்ரீ. தோளும் முட்டியும் மூடி இருக்கணும், புடவை சுடிதாருக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆம்பளைங்க ஷார்ட்ஸ், கிழிஞ்ச ஜீன்ஸ் போட்டா உள்ள விட மாட்டாங்க. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி நல்லா இன் பண்ணி சட்டை போட்ட ஒரு ஆள் வந்து, இன்னிக்கு பூஜை, மத்தியானம் வரைக்கும் மூடியிருக்கு, அதுக்குள்ள வேற கோயில் காட்டறேன், டுக் டுக் ஆட்டோ ரொம்ப சீப்னு அப்பாகிட்ட ரொம்ப மரியாதையாப் பேச ஆரம்பிச்சார். அப்பாவும் தலையாட்டிக் கேட்டுட்டு நின்னார். இது அங்க ரொம்ப நாளா நடக்கற ஏமாத்து, கடைசில கொண்டு போய் நகைக் கடைல விடுவாங்க. யார் என்ன சொன்னாலும் நேரா கேட் வரைக்கும் நடந்து போய் உங்க கண்ணால பாருங்க.

உள்ள மரகத புத்தர் சன்னதி எல்லாரும் பார்ப்பாங்க, சிலை சின்னதுதான், உயரத்துல வெச்சிருக்காங்க, வருஷத்துல மூணு தடவை சீசன் மாறும்போது ராஜாவே வந்து சிலைக்கு உடை மாத்தறார், ஃபோட்டோ எடுக்கக் கூடாது. ஆனா எங்களுக்கு நேரம் போனது சுத்துப் பிரகாரத்துலதான். சுவர் முழுக்க ராமாயணம், 178 கட்டமா வரைஞ்சிருக்காங்க, தங்க ரேக்கு பளபளன்னு இருக்கு. நிழலா இருக்கும், உக்காரவும் இடம் உண்டு, கூட்டம் எல்லாம் சன்னதில நிக்கும், இங்க ஆள் கம்மி. ஒரு படத்துல ஹனுமார் பெரிய உருவம் எடுத்து தன் உடம்பையே பாலமாப் போட்டு நீட்டியிருக்கார், குட்டி குட்டியா படை அவர் முதுகு மேல நடந்து போகுது. அப்பா பொண்ணைத் தூக்கி வெச்சுக்கிட்டு இது நம்ம கதைல இல்லியே, இவங்க வேற மாதிரி சொல்றாங்க பாருன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சுக்கிட்டே போனார். கைடு வைக்கறதா இருந்தா இந்தப் பிரகாரத்துக்காக வைங்க.

வாட்னா அங்க கோயில். வாட் போவும் வாட் அருணும் வேற ஒரு நாள் சாயங்காலம். எம்ஆர்டிங்கற மெட்ரோ ரயில்ல சனம் சாய் ஸ்டேஷன்ல எறங்கினா வாட் போ கிட்டத்துல, அந்த ஸ்டேஷனே அரண்மனை மண்டபம் மாதிரி தூணெல்லாம் வெச்சுக் கட்டியிருக்காங்க. எம்ஆர்டில நம்ம விசா, மாஸ்டர்கார்டையே கேட்ல தட்டிட்டு உள்ள போகலாம், கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டு உபயோகமும் தட்டற வசதியும் ஆன் பண்ணிருக்கணும், ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். ஸ்கை ட்ரெயின் வேற கம்பெனி, அதுக்கு தனி டிக்கெட்.

நாலு மணி வாக்கில தா தியன் படித்துறைலேர்ந்து போட்ல அக்கரைக்கு வாட் அருண் போங்க, சில்லறைக் காசுதான். படி ரொம்ப செங்குத்து, அம்மா கீழயே உக்காந்து பீங்கான் துண்டு பதிச்சிருக்கற பூ வேலையைப் பார்த்துட்டு இருந்தாங்க, அதுவே போதும். ஆறு மணிக்குள்ள இக்கரைக்கு வந்துடுங்க, சூரியன் அந்தக் கோபுரத்துக்குப் பின்னாடிதான் மறையும், அதனால பார்க்க நல்ல இடம் இந்தப் பக்கம். வாட் போ கோயில்ல சயனத்துல இருக்கற புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம், பாதத்துல முத்துச்சிப்பி பதிச்சு 108 சின்னங்கள் இருக்கு. பின் பக்கம் சுவரோரமா 108 வெண்கலக் கிண்ணம் வரிசையா வெச்சிருக்காங்க, சில்லறை ஒரு கிண்ணம் வாங்கி ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு போட்டுட்டே போகணும். அந்த ஹால் முழுக்க டிங் டிங்னு அந்த சத்தம்தான். பொண்ணு ஒண்ணு கூட விடாம போட்டா, நாங்க பேசாம பின்னாடியே நடந்தோம்.

ஆத்துல போட் பயணத்தை விட்டுடாதீங்க. சஃபான் தக்சின் ஸ்டேஷன்ல எறங்கினதும் சாத்தோர்ன் படித்துறை, அங்க ஆரஞ்சுக் கொடி கட்டின போட்லதான் ஊர்க்காரங்க போறது, எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். டூரிஸ்ட் போட் கவுன்டர் தான் முதல்ல கண்ல படும், கொஞ்சம் உள்ள தள்ளிப் போய்க் கேளுங்க. பின்னாடி நிக்கற ஆள் விசில் ஊதி ஊதித்தான் டிரைவருக்கு சிக்னல் குடுக்கறார், போட் படித்துறைல உரசின மாதிரி நிக்கும், கொஞ்ச நேரம்தான், அதுக்குள்ள ஏறணும் எறங்கணும். பெரியவங்களை முதல்லயே எழுப்பி கயித்துப் பக்கம் நிறுத்தி ரெண்டு பேர் ரெண்டு கையைப் பிடிச்சுக்கணும். பின்பக்கம் பிக்குகளுக்கு ஒதுக்கின இடம், பொம்பளைங்க அவங்களை உரசாம தள்ளி நில்லுங்க.

தமிழ் ஆளுங்க போக வேண்டிய ஒரு இடம் நிறைய பேருக்குத் தெரியாது. சாவ் சிங் சான்னு சிவப்புக் கலர்ல வானத்தைத் தொடற மாதிரி ரெண்டு கம்பம் நிக்கும், பெரிய ஊஞ்சல்னு சொல்லுவாங்க, 1784ல முதலாம் ராமாங்கற ராஜா வெச்சது. முன்னெல்லாம் சிவனுக்காக அதுல ஏறி ஆடற திருவிழா நடந்துச்சு, ஆளுங்க விழுந்து சாவறாங்கன்னு 1935ல நிறுத்திட்டாங்க. பக்கத்துலயே தேவஸ்தான்னு ஒரு வெள்ளைக் கோயில், சிவன், பிள்ளையார், பெருமாள்னு மூணு சன்னதி, அரச குடும்பத்துக்குப் பூஜை பண்ற பிராமணங்க கோயில். மார்கழி சமயத்துல அவங்க இங்க திருவெம்பாவை சொல்றாங்க, தலைமுறை தலைமுறையா வாய்வழியா வந்தது. வாசல்ல நின்னு இதை அம்மாகிட்ட சொன்னேன். சின்ன வயசுல மார்கழில பஜனை கோஷ்டியோட போனவங்க அவங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் மெதுவா அங்கயே முதல் பாட்டு முழுசா சொல்லி முடிச்சாங்க. ஊர்ல எத்தனையோ மால் இருக்கு, அதுல ஒண்ணைக் குறைச்சுட்டு இங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

சாப்பாடு, சைவக்காரங்களுக்கு மட்டும் சொல்றேன். காய் மட்டும் போடுங்கன்னு சொன்னாலும் மீன் சாஸ் ஊத்திடுவாங்க, அவங்களுக்கு அது உப்பு மாதிரி, பப்பாளி சாலட்ல காஞ்ச இறா இருக்கும். "ஜே"ன்னு சொல்லுங்க, மஞ்சள் கொடில சிவப்பு எழுத்து போட்ட கடை அது, மீன், முட்டை எதுவும் இருக்காது, பூண்டு வெங்காயம் கூட போட மாட்டாங்க. வெறும் "மங்சவிராட்"னு, அதாவது சைவம்னு மட்டும் சொன்னா முட்டை வர வாய்ப்பு இருக்கு. தேங்காப்பால் ஊத்தின மாம்பழ ஸ்டிக்கி ரைஸ் அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இருந்தாலும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துட்டுப் போங்க, ராத்திரி களைச்சு வந்ததுக்கு அப்புறம் கடை தேடற தெம்பு யாருக்கும் இருக்காது.

சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் டாக்ஸி, கிராப் ஆப்ல கூப்பிடற வண்டி எதுலயும் ஏறாதீங்க, மீட்டர் ஓடும் வண்டி ஓடாது. அந்த நேரத்துல ட்ரெயின், இல்ல போட். ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்தீங்கன்னா தேசிய கீதம் போடுவாங்க, ஓடிட்டு இருக்கறவங்க எல்லாம் அப்படியே நிப்பாங்க, நம்மளும் நிக்கணும், காலைல எட்டு மணிக்கும் இதே மாதிரி. ராஜாவைப் பத்தி விளையாட்டாக்கூட எதுவும் பேச வேண்டாம், சட்டம் ரொம்பக் கடுமை.

ஷாப்பிங்குக்கு சத்துசாக் மார்க்கெட்டுக்கு சனி ஞாயிறுல காலைலயே போய்ட்டு பதினோரு மணிக்குள்ள வெளில வந்துடுங்க, உள்ள தகரக் கூரை, அனல். பட்ஜெட் ஃப்ளைட்ல கைப்பை ஏழு கிலோதான், திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு மட்டும் பெட்டிக்கு வெயிட் முன்கூட்டியே ஆன்லைன்ல வாங்கி வெச்சுக்கோங்க, கவுன்டர்ல கேட்டா அநியாயத்துக்கு ஆகும். பெரிய கடைல ஒரே நாள்ல 2,000 பாட்டுக்கு மேல வாங்கினா பாஸ்போர்ட்டைக் காட்டி, கட்டின வரியைத் திரும்ப வாங்கற வாட் (VAT) ரீஃபண்ட் ஃபார்ம் கேளுங்க. அந்த ஃபார்ம்ல கஸ்டம்ஸ் முத்திரை வாங்கறது செக் இன் பண்றதுக்கு முன்னாடி, சாமான் நம்ம கைல இருக்கும்போதே, பணம் வாங்கற கவுன்டர் இமிக்ரேஷன் தாண்டி உள்ள. சுவர்ணபூமிலேர்ந்து கிளம்பறவங்க இமிக்ரேஷன் தாண்டினதும் திருப்பாற்கடல் கடையற பெரிய சிலை இருக்கும், ஒரு பக்கம் தேவர், ஒரு பக்கம் அசுரர், மேல பெருமாள். குழந்தைங்களுக்கு அங்க கதை சொல்ல அரை மணி நேரமாவது வேணும், அதனால ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே போய்டுங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா நாலு மணி நேரம், அதுவும் ட்ரெயின்ல.